பூட்டிய வீடும் திறந்த கண்ணும்



சில ஆண்டுகளுக்கு முன் ராஜபாளையத்துத் தெரு ஒன்றில் நிகழ்ந்ததை முதலில் கூறிவிடுகிறேன். நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் குடும்பம், மூத்த மகளின் பிரசவத்தை முன்னிட்டு வெளியூர் சென்றிருந்தது. நான்காம் நாள் அவர்கள் திரும்பியபோது வாசற்பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் கொல்லைக் கதவு பெயர்க்கப்பட்டிருந்தது. பீரோவிலிருந்த ஒன்பது பவுன் நகையைக் காணவில்லை. இளைய மகளின் திருமணத்திற்கென்று பதினொரு ஆண்டுகளாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த நகை அது.

அந்தத் தாய் நேராகக் காவல் நிலையத்திற்குச் செல்லவில்லை, என்னிடம் வந்தார். "ஸ்டேஷனுக்குப் போனா நம்மளையே குடைஞ்சு குடைஞ்சு கேப்பாங்களே சாமி, போகத்தான் வேணுமா?" என்று கேட்டு அழுதார். தேற்றி, உடன் சென்றேன். விசாரணைக்கு வந்த காவலர், அக்கம்பக்கத்தாரை அழைத்து, ஏதேனும் கண்டீர்களா என்று வினவினார். இடப்புறத்து வீட்டுக்காரர் சற்றுத் தயங்கியபின் சொன்னார்: "கொல்லைக் கதவு தெறந்து கெடந்ததை முந்தாநாளே பாத்தேன். அடுத்த வீட்டு விவகாரம், நமக்கேன் வம்புன்னு இருந்துட்டேன்."

அவர் தீயவர் அல்லர். தம் வேலை உண்டு, தாம் உண்டு என்று வாழ்கின்ற நல்ல மனிதர். ஆயினும் அவர் அன்றே ஒரு குரல் கொடுத்திருந்தால், தடயங்கள் அழியுமுன் காவலர் வந்திருப்பர். "நமக்கேன் வம்பு" என்னும் எண்ணத்தால் அக்குடும்பம் இழந்தது இரண்டு நாள். திருட்டைத் துப்புத் துலக்குவதில் அவ்விரண்டு நாள்களே பெரும்பாலும் வெற்றி தோல்வியை முடிவு செய்கின்றன. அன்று முதல், நம் தெருக்களின் பாதுகாப்பைக் குறித்து எழுதவேண்டும் என்ற எண்ணம் என் உள்ளத்தில் இருந்து வருகின்றது.

இரு ஊர்கள்

ராஜபாளையம் என்றவுடன் வெளியூரார் நினைப்பது அவ்வூரின் பெயர் தாங்கிய வெண்ணிற நாயையே. 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளுள் ஒன்றில் அதற்கும் இடம் கிடைத்தது. எசமானுக்கு விசுவாசமானது, அந்நியரை நெருங்க விடாதது என்று பெயர் பெற்ற காவல் நாய் அது. பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர், ஆண்டாள் கோவில் கோபுரத்திற்கும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவிற்கும் பேர்போனது. அதற்கு வேறொரு சிறப்பும் உண்டு. 1985-இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான நம் மாவட்டத்திற்குத் தலைநகர் விருதுநகர். எனினும், மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் அமைந்திருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே.

ஓரூருக்குக் காவல் நாய், மற்றோரூருக்கு நீதிமன்றம். காவல் வேறு, நீதி வேறு என்பதை இவ்விரு ஊர்களும் நமக்கு நினைவூட்டுகின்றன. காவலில் நம் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. தீர்ப்பிடும் உரிமையோ நமக்கு இல்லை. இக்கட்டுரையில் நான் சொல்லப்போவது ஏறக்குறைய இவ்வளவே.

இவ்விரு ஊர்களிலும் திருடனுக்கு வசதியான சூழ்நிலைகள் சில உண்டு. 1936-இல் ராஜபாளையம் மில் தோன்றியது முதல் நூற்பாலைகள் பெருகிய ஊர் அது. பகல் முறை, இரவு முறை என்று ஆலைக்குச் செல்லும் குடும்பங்களில் வீடு பூட்டிக் கிடக்கும் நேரம் வெளியாருக்கு எளிதில் தெரிந்துவிடுகின்றது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டத்திற்குத் திரளும் பெருங்கூட்டத்திலும், அமாவாசை பௌர்ணமி நாள்களில் வத்திராயிருப்பு வழியாகச் சதுரகிரி மலைக்குச் செல்லும் கூட்டத்திலும், பக்தர்களோடு பக்தர்களாகக் கைவரிசைக்காரர்களும் கலந்து கொள்வது உண்டு. மேற்கே மலையடிவாரத்தில் தோப்பு வீடுகளும் தனித்த கோவில்களும் உள்ளன. 2025 நவம்பரில், ராஜபாளையத்தை அடுத்த தேவதானத்துக் கோவிலில் இரவுக் காவல் புரிந்த இருவர் வெட்டிக் கொல்லப்பட்ட செய்தி கேட்டு மாவட்டமே கலங்கிற்று. பிறர் உறங்கும்போது விழித்திருப்பவர்கள் எத்தகைய ஆபத்தின் நடுவே விழித்திருக்கிறார்கள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

காவலின் பழங்கதை

நம் தென்பாண்டிச் சீமையில் சீருடைக் காவலர் தோன்றுவதற்கு முன்னரும் காவல் இருந்தது. ஊருக்கு ஊர் காவல்காரர் இருந்தனர். குடிகள் அவர்களுக்குத் தானியமாகவோ காசாகவோ காவற்கூலி அளந்தனர். பொருள் களவு போனால் அதை மீட்டுத் தருவதோ ஈடு செய்வதோ காவல்காரரின் கடமை. கேட்பதற்கு மிக நல்ல ஏற்பாடு. ஆனால் நாளடைவில் அதில் ஒரு தீமை புகுந்தது. காவற்கூலி கொடாதவனின் மாடு மறுநாளே காணாமற் போகும்! அதைத் திரும்பப் பெறவேண்டுமானால் 'துப்புக்கூலி' கொடுக்கவேண்டும். காப்பவனும் கவர்பவனும் ஒருவனேயாகிவிட்ட அவலத்தை நம் முன்னோர் கண்டனர்.

1801-இல் பாளையக்காரர் அதிகாரம் ஒடுக்கப்பட்டபின், கும்பினியார் அக்காவல் உரிமைகளைப் படிப்படியாகத் தம் வசமாக்கினர். 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டத்தால் சென்னை மாகாணத்திற்கென ஒழுங்கான காவல் துறை நிறுவப்பட்டது. இவ்வரலாற்றை நான் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. காவல் என்பது அதிகாரம். அதிகாரம் எவர் கையில் இருப்பினும், அதற்குக் கணக்குக் கேட்பார் இருக்கவேண்டும். கூலிக் காவல்காரருக்கு மட்டுமன்று, சீருடைக் காவலருக்கும், தெருவில் தாமே முன்வந்து காவல் புரியும் நமக்கும் இது பொருந்தும்.

காவலரின் அன்றாடப் பணி

இன்று ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரு நகரங்களிலும் நகரக் காவல் நிலையங்களோடு அனைத்து மகளிர் காவல் நிலையங்களும் உள்ளன. நம் மாநிலத்தின் முதல் மகளிர் காவல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கப்பட்டது என்பது நினைவிருக்கலாம். கணவனின் கொடுமைக்கு ஆளான பெண், ஆண் காவலர் முன் நின்று சொல்லக் கூசியதைப் பெண் காவலரிடம் சொல்ல அது வழி திறந்தது.

இரவு ரோந்து செல்லும் காவலர், குறிப்பிட்ட இடங்களில் வைக்கப்பட்டுள்ள 'பட்டா புத்தகத்தில்' தாம் வந்த நேரத்தை எழுதிக் கையொப்பமிடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்தது. இப்போது பல இடங்களில் கைப்பேசி வழியாக அவ்வருகை பதிவாகின்றது. வெளியூர் செல்லும் குடும்பத்தார், வீட்டு முகவரியையும் திரும்பும் நாளையும் தம் காவல் நிலையத்தில் முன்கூட்டியே தெரிவிக்குமாறு காவல் துறையினர் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றனர். தெரிவித்தால் ரோந்துக் காவலர் அவ்வீட்டையும் ஒரு பார்வை பார்த்துச் செல்ல இயலும். இதற்குக் கட்டணம் ஏதுமில்லை. ஆயினும், நம்மில் எத்தனை பேர் இதனைச் செய்கிறோம்?

கண்காணிப்புக் கேமராக்கள் இன்று தெருமுனைகளில் காணப்படுகின்றன. அவை பயனுள்ளவை, எனினும், கேமரா திருட்டை நேரில் தடுப்பதில்லை. நடந்ததைப் பின்னர் காட்டுகிறது, அவ்வளவே. பழுதாகிக் கிடக்கும் கேமராவோ பொய்யான தைரியத்தையே தரும். தெருவார் கூடிக் கேமரா வைத்தால், மாதம் ஒருமுறை அது இயங்குகிறதா எனப் பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தல் நலம். அது வீதியை நோக்கி இருக்கவேண்டுமேயன்றி, எதிர்வீட்டுச் சன்னலை நோக்கி இருத்தல் கூடாது.

முறையிட அஞ்சற்க

அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். காவல் நிலையத்திற்குப் போகத்தான் வேண்டுமா? ஆம், போகத்தான் வேண்டும். ஆனால் நம் உரிமைகளை அறிந்து போகவேண்டும்.

2024 ஜூலை முதல் நாளிலிருந்து பழைய குற்றவியல் சட்டங்களின் இடத்தில் புதிய சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. காவலர் நேரடியாக விசாரிக்கத்தக்க குற்றமாயின், அது எந்த எல்லையில் நிகழ்ந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் முறையிடலாம். 'இது எங்கள் எல்லையில் நடக்கவில்லை' என்று திருப்பி அனுப்புதல் சட்டப்படி தவறு. மின்னணு வழியிலும் தகவல் தரலாம்; அவ்வாறு தந்தால் மூன்று நாள்களுக்குள் நேரில் கையொப்பமிடவேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை முறையிட்டவருக்கு இலவசமாகத் தரவேண்டும். இத்தகைய குற்றங்களில் முதல் தகவல் அறிக்கை பதிவது காவலரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று, கட்டாயக் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே தீர்ப்பளித்துள்ளது. மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் எழுதலாம். அதன்பின் நீதித்துறை நடுவரை அணுகலாம். மனுக் கொடுத்தவர், சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீதையேனும் பெறாமல் வீடு திரும்பலாகாது.

சாட்சி சொல்ல அஞ்சுவோரும் ஒன்றை அறிந்துகொள்ளட்டும். பெண்களையும், பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவரையும், அறுபது வயதைக் கடந்த முதியவரையும், உடல் ஊனமுற்றோரையும், கடும் பிணியாளரையும் சாட்சி விசாரணைக்காகக் காவல் நிலையத்திற்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்கவேண்டும். கழுத்துச் சங்கிலியைப் பறித்தோடும் குற்றத்திற்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் தனிப்பெயரே இல்லை. புதிய சட்டத்தின் 304-ஆவது பிரிவு 'பறிப்பு' என்று அதற்கு ஒரு பெயரிட்டு, மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் விதித்திருக்கிறது.

கதவைத் தட்டாத திருடன்

இக்காலத்துத் திருடருள் பலர் கடப்பாரை ஏந்துவதில்லை, தொலைபேசியையே ஏந்துகின்றனர். எனக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவருக்கு ஓர் அழைப்பு வந்தது. "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப் பொருள் இருக்கிறது, நீங்கள் கைது செய்யப்பட்டிருக்கிறீர்கள், தொலைபேசியை வைக்கக்கூடாது, எவரிடமும் சொல்லக்கூடாது" என்று காவல் அதிகாரியைப் போல் ஒருவன் மிரட்டினான். பேசத் தொடங்கிய நான்கு மணி நேரத்திற்குள், கணவரின் ஓய்வூதியச் சேமிப்பு முழுவதையும் அவர் அவன் சொன்ன கணக்கிற்கு அனுப்பிவிட்டார். ஒன்பது நாள் எவரிடமும் வாய் திறக்கவில்லை. "படிச்ச பொம்பளை ஏமாந்துட்டாளேன்னு ஊரு சிரிக்குமே சாமி" என்பதே அவர் சொன்ன காரணம்.

வாசகர்களே, இதை உங்கள் இல்லத்து முதியோருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். தொலைபேசி வழியாகக் கைது செய்தல் என்ற ஒன்று இந்திய நாட்டுச் சட்டத்தில் இல்லை. எந்தக் காவலரும், எந்த நீதிபதியும் திரையில் தோன்றிப் பணம் கேட்பதில்லை. 2024 அக்டோபரில் பிரதமரே தம் வானொலி உரையில் இம்மோசடியைக் குறித்து நாட்டு மக்களை எச்சரிக்க நேர்ந்தது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்கவேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றப்பட்டு, ரொக்கமாக எடுக்கப்படுமுன் வங்கிகள் அதனை முடக்கி வைக்க அங்கே ஏற்பாடு உண்டு. முதல் ஒரு மணி நேரம் மிகவும் அருமையானது. ஒன்பது நாள் கழித்து அழைத்தால் கண்ணீரைத் தவிர மிஞ்சுவது அரிது. ஏமாற்றியவன் வெட்கப்படவேண்டிய இடத்தில் ஏமாந்தவர் வெட்கப்படுவதால், திருடனுக்கு நம் மௌனமே துணையாகிவிடுகிறது. ஆதலின், ஏமாந்து வந்து நிற்பவரைப் பார்த்துச் சிரியாதீர்கள்.

கண்காணிப்பு கொலையாகும் போது

இதுவரை விழித்திருங்கள் என்றேன். இனி, அவ்விழிப்பு வழி தவறினால் விளையும் கேட்டையும் கூறவேண்டும்.

2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் நுழைந்துவிட்டது என்ற வதந்தி வட தமிழ்நாட்டில் கைப்பேசி வழியாகப் பரவியது. சென்னையிலிருந்து குலதெய்வக் கோவிலுக்குச் சென்ற ஒரு குடும்பத்தார், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த சிற்றூரில் வழி கேட்க நின்றனர். அவர்களோடிருந்த மூதாட்டி, அங்கு விளையாடிய குழந்தைகளுக்கு அன்போடு மிட்டாய் கொடுத்தார். அதுவே குற்றமாயிற்று! திரண்ட கூட்டம் அடித்ததில் அம்மூதாட்டி மாண்டார், உடனிருந்தோர் படுகாயமுற்றனர். அடித்தவர்களுள் எவரும் தம்மைக் கொலைகாரர் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். தங்கள் குழந்தைகளைக் காப்பாற்றுவதாகவே நினைத்திருப்பார்கள். காவல் என்று எண்ணித் தொடங்கியது, விசாரணையின்றித் தீர்ப்பாகி, தண்டனையாகவும் முடிந்துவிட்டது.

மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1993-இல் இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராயிருந்த திரு. பிரதீப் வி. பிலிப், 'காவலர் நண்பர்கள்' என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். மக்களுக்கும் காவலருக்கும் இடையே நின்ற அச்சச் சுவரை அகற்றுவதே அதன் நோக்கம். மாநிலமெங்கும் பரவி, வெளிநாட்டு விருதும் பெற்ற நல்ல முயற்சி அது. ஆனால், 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை நடத்திய தந்தையும் மகனும், ஊரடங்கு நேரத்தை மீறியதாகக் கூறிக் கைது செய்யப்பட்டு, காவல் நிலையத்தில் தாக்கப்பட்டு, அடுத்தடுத்து உயிரிழந்தனர். அக்கொடுமையில் இவ்வியக்கத்தாருள் சிலருக்கும் பங்குண்டு என்ற குற்றச்சாட்டு எழவே, அடுத்த மாதமே தமிழக அரசு அவ்வியக்கத்தைத் தடை செய்தது. அதே நிலையத்தில் பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர், தாம் கண்டதை அஞ்சாமல் நீதித்துறை நடுவரிடம் கூறினார் என்பதையும் இங்கே நன்றியோடு நினைக்கவேண்டும்.

ஆகவே, காவலருக்கு உதவுவது என்பது தடியேந்துவது அன்று; கண்டதைச் சொல்வதே. ஐயத்திற்குரியவனைப் பிடித்துக் கட்டி வைத்து அடிப்பதும், 'அந்தத் தெருக்காரன்', 'அந்தச் சாதிக்காரன்', 'வடநாட்டுக்காரன்' என்று ஒரு கூட்டத்தையே சந்தேகிப்பதும் பாதுகாப்பு ஆகா. நூற்பாலை விடுதிகளில் தங்கி உழைக்கும் பிற மாநிலத்துப் பிள்ளைகளும் ஏதோ ஒரு தாயின் பிள்ளைகளே. கைது செய்யப்பட்டவனை இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்தவேண்டும் என்கிறது நம் அரசியலமைப்பின் 22-ஆவது விதி. அது திருடனுக்குக் காட்டும் சலுகையன்று. குற்றமற்றவனுக்கு நாடு தரும் காப்பு. அவன் குற்றவாளியா அல்லனா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும்.

செய்யத்தக்கவை

இறுதியாக, இல்லந்தோறும் செய்யத்தக்க சிலவற்றைத் தொகுத்துக் கூறுகிறேன்.

ஒன்று: வெளியூர் செல்லுமுன் காவல் நிலையத்திற்கும், நம்பிக்கையான அண்டை வீட்டாருக்கும் தெரிவியுங்கள். நாளிதழும் பாலும் வாசலில் குவியாதபடி நிறுத்தி வையுங்கள். பயணத்தின் படங்களைக் கைப்பேசியில் ஊரறியப் பரப்புவதைத் திரும்பி வந்தபின் செய்யலாம்.

இரண்டு: வாசற்கதவுக்குப் பெரிய பூட்டுப் போட்டு, கொல்லைக் கதவைப் பழைய தாழ்ப்பாளோடு விட்டுவிடாதீர்கள். சாவியை மிதியடியின் கீழும், நிலைப்படியின் மேலும், பூந்தொட்டியிலும் வைக்கும் வழக்கத்தை நம்மைவிடத் திருடன் நன்கு அறிவான்.

மூன்று: அன்றாடம் அணியாத நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். நகைகளின் படமும் ரசீதும் தனியே இருக்கட்டும்.

நான்கு: நகைக்கு மெருகேற்றித் தருவதாக வருவோரையும், 'முன்னால் கலவரம் நடக்கிறது, நகையைக் கழற்றிப் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள்' என்று போலீஸ் வேடத்தில் சொல்வோரையும் நம்பாதீர்கள். முகவரி கேட்பது போல் வண்டியில் நெருங்குவோரிடம் பெண்கள் சற்று விலகி நின்றே பேசட்டும்.

ஐந்து: கைப்பேசியில் *#06# என அழுத்தினால் தோன்றும் பதினைந்து இலக்க எண்ணை எழுதி வையுங்கள். கைப்பேசி களவு போனால் அதனை முடக்கவும் தேடவும் அவ்வெண்ணே உதவும்.

ஆறு: ஆபத்து வேளையில் 100 அல்லது 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, பண மோசடிக்கு 1930. இவ்வைந்து எண்களையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். முதியோருக்குக் கைப்பேசியில் தேடத் தெரியாது. சுவரைப் பார்க்கத் தெரியும்.

ஏழு: தெருவில் தனித்து வாழும் முதியோரின் வீட்டு வாசலில் நாளுக்கு ஒருமுறையேனும் நின்று, "சாப்பிட்டீங்களா பாட்டி?" என்று கேளுங்கள். கதவு திறக்கவில்லையெனில் தயங்காது விசாரியுங்கள்.

அந்த ஒன்பது பவுன் கிடைத்ததா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை, இன்றுவரை கிடைக்கவில்லை. இளைய மகளின் திருமணம் ஓராண்டு தள்ளிப்போய், பின்னர் எளிமையாக நடந்தேறியது. அத்திருமணத்தன்று குடும்பம் முழுவதும் மண்டபத்தில் இருந்தபோது, பூட்டிய அவ்வீட்டின் முற்றத்தில் நாற்காலி போட்டு இரவு முழுவதும் அமர்ந்திருந்தவர் ஒருவர் உண்டு. அவர் வேறு எவருமல்லர். "நமக்கேன் வம்பு" என்று முன்பு சொன்ன அதே இடப்புறத்து வீட்டுக்காரர்தான்.

நானும் அன்றிரவு அவ்வழியே வந்தேன். "தூங்கப் போகலியா?" என்று கேட்டேன். "அவுங்க வர்ற வரைக்கும் இருக்கேன் சாமி" என்றார்.

அவரிடம் கேட்ட இச்சொல்லை இனி நம் தெருக்கள் அனைத்திலும் கேட்க விரும்புகிறேன்.